கவிழ்ப்பை எதிர்க்கும் எடையைக் கூட்டிக் கணக்கிடக் கூடாது: ஃபுட்டிங் வடிவமைப்பில் சுமைக் காரணிகள் குறித்த எங்கள் நிலைப்பாடு

கவிழ்ப்புத் திருப்புத்திறனுக்கு ஆளாகும் கான்கிரீட் ஃபுட்டிங்கில், அதைக் கவிழாமல் பிடித்துவைக்கும் எடையை 1.5 ஆல் பெருக்குவது தவறு. அந்த எடைக்குரிய காரணி 0.9. கட்டமைப்புப் பொறியாளர் சங்கமாக நாங்கள் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை என்று கருதுகிறோம். ஐ.எஸ். 456:2000 விதிநூலின் 18-ஆம் அட்டவணையே இதைச் சொல்கிறது. இருந்தும் சரிபார்ப்புக்கு வரும் கணக்குத் தாள்களில் நிலைச்சுமைக்கும் காற்றுக்கும் சேர்த்து 1.5 போட்டு முடித்துவிடும் பழக்கம் தொடர்கிறது.

பல மாடிக் கட்டடத்தில் இந்தப் பிழை பெரும்பாலும் வெளியே தெரியாது. எடை அவ்வளவு இருக்கிறது. தகரக் கூரைத் தொழிற்கூடம், விளம்பரப் பலகை, செல்போன் கோபுரம் போன்ற இலேசான கட்டுமானங்களில்தான் ஆபத்து. அங்கே காற்று பக்கவாட்டில் தள்ளுவதோடு கூரையை மேலே இழுக்கவும் செய்கிறது. ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின்படி சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அந்தக் காற்றில் நிலைச்சுமைதான் நமக்குத் துணை. துணையின் பலத்தைக் கூட்டிக் காட்டிவிட்டுப் பாதுகாப்பு இருப்பதாகச் சொல்ல முடியாது.

2.4 மீட்டர் சதுர ஃபுட்டிங் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஃபுட்டிங், அதன் மேல் மண் எல்லாம் சேர்த்து நிலைச்சுமை 300 கிலோநியூட்டன். காற்றால் அடிமட்டத்தில் வரும் திருப்புத்திறன் 220 கிலோநியூட்டன்-மீட்டர். இரண்டையும் 1.5 ஆல் பெருக்கினால் மையவிலகல் மாறுவதே இல்லை: 220-ஐ 300-ஆல் வகுத்தால் வரும் அதே 0.73 மீட்டர். பாதி அகலம் 1.2 மீட்டர் என்பதால் எல்லாம் சரியாகவே தோன்றும். சுமைக் காரணி இங்கே கவிழ்ப்பைப் பொறுத்தவரை ஒரு வேலையும் செய்யவில்லை. எடையை 0.9 ஆலும் திருப்புத்திறனை 1.5 ஆலும் பெருக்குங்கள்: 270-க்கு 330, மையவிலகல் 1.22 மீட்டர். விளைவிசை ஃபுட்டிங்கின் விளிம்பைத் தாண்டி வெளியே போய்விட்டது.

பொறியாளர்களுக்குள் உண்மையான கருத்து வேறுபாடு இந்த இடத்தில்தான். ஐ.எஸ். 456 விதிநூலின் 20-ஆம் பிரிவு, எதிர்ப்புத் திருப்புத்திறனில் 0.9 பங்கு நிலைச்சுமையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஏறுசுமையின் கவிழ்ப்புக்கு 1.4 என்ற காரணியைக் கேட்கிறது. காற்றையும் அதில் சேர்த்தே நாங்கள் படிக்கிறோம். நம் எடுத்துக்காட்டில் எதிர்ப்பு 324, தேவை 308. அந்தச் சோதனையில் ஃபுட்டிங் தேறிவிடுகிறது. கான்கிரீட்டை வடிவமைக்கப் போனால் 1.5 வருகிறது, விளைவிசை வெளியே நிற்கிறது, கம்பி கணக்கிட மண்ணழுத்தமே கிடைப்பதில்லை. அப்போது சிலர் 0.9 காரணியுள்ள சுமைச் சேர்க்கையையே நீக்கிவிட்டு மேலே போகிறார்கள். இதை நாங்கள் ஏற்கவில்லை. காரணி சேர்க்காத கணக்கில் எதிர்ப்பு, கவிழ்ப்பைப் போல் குறைந்தது 1.67 மடங்கு இருந்தால்தான் இரண்டு சோதனையும் ஒத்துவரும். அதற்குக் குறைந்தால் ஃபுட்டிங்கைப் பெரிதாக்குங்கள். அரை மீட்டர் கனமுள்ள இந்த ஃபுட்டிங்கை 2.8 மீட்டராக்கக் கூடுதலாகத் தேவைப்படுவது ஏறத்தாழ ஒரு கன மீட்டர் கான்கிரீட். அதோடு மேலே நிற்கும் மண்ணும் கூடி எதிர்ப்பு இன்னும் உயரும்.

மண்ணின் பாதுகாப்பான தாங்குதிறனைக் காரணி சேர்க்காத சுமைகளோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். அந்த எண்ணுக்குள் ஏற்கெனவே ஒரு பாதுகாப்புக் காரணி இருக்கிறது. 1.5 பெருக்கிய அழுத்தத்தை அதோடு ஒப்பிட்டால் ஒரே பாதுகாப்பை இருமுறை கேட்பதாகும். காரணி சேர்த்த அழுத்தம் கான்கிரீட்டின் கனத்துக்கும் கம்பிக்கும் உரியது.

ஃபுட்டிங்கின் மேல் உள்ள மண்ணை எதிர்ப்பு எடையாகச் சேர்க்கும் பொறியாளர், அந்த மண் அங்கேயே இருக்கும் என்பதை வரைபடத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் வடிகாலுக்கோ கேபிளுக்கோ பள்ளம் தோண்டினால் அந்த எடை போய்விடும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வரும் இடங்களில் மிதப்பு விசையைக் கழிக்காமல் கணக்கை ஏற்கக் கூடாது: கன மீட்டருக்கு 25 கிலோநியூட்டன் எடையுள்ள கான்கிரீட் நீருக்குள் ஏறத்தாழ 15 தான். புயலும் வெள்ளமும் சேர்ந்தே வரும் கடலோரத்தில் இதைத் தள்ளிவைக்க முடியாது.

இன்னொன்று, தளத்தில் மிக அதிகமாக விட்டுப்போவது. ஃபுட்டிங்கின் ஒரு பக்கம் மண்ணை விட்டு எழும்போது, அந்தப் பக்கத்தின் சொந்த எடையும் மேல்மண்ணும் அதைக் கீழ்நோக்கி வளைக்கின்றன. இழுவிசை மேல்முகத்தில் வருகிறது. அடியில் மட்டும் ஜாலி கட்டிய ஃபுட்டிங்கில் அதைத் தாங்கக் கம்பியே இல்லை. 0.9 சேர்க்கையில் மண்ணோடு தொடர்பு இழக்கும் ஒவ்வொரு ஃபுட்டிங்குக்கும் மேல் ஜாலியைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும்; அது இல்லாத வரைபடத்தில் எங்கள் உறுப்பினர்கள் கையெழுத்திடக் கூடாது.