பதிவு மட்டும் போதுமா?

2013 நவம்பரில் பெங்களூரு ஏ.டி.எம். ஒன்றில் பெண் ஒருவர் தாக்கப்பட்டதைக் கண்காணிப்பு கேமரா பதிவு செய்தது. ஆனால் அவருக்கு உதவி கிட்டியது நெடுநேரம் கழித்தே. பதிவு குற்றவாளியை அடையாளம் காட்டும். பாதிக்கப்பட்டவரை உடனே காப்பாற்றாது.

முழு எச்.டி. கேமரா நொடிக்கு 25 படங்கள் எடுத்தால், ஐந்து கோடிக்கும் மேற்பட்ட படப்புள்ளிகள் சேர்கின்றன. அனைத்தையும் தொலைவிலுள்ள மையத்துக்கு அனுப்பி ஆராய்வதில் காலமும் செலவும் மிகுதி. இதற்கு உதவக்கூடியது, 1985இல் அறிமுகமான எஃப்.பி.ஜி.ஏ. என்னும் நிரல்படுத்தக்கூடிய சில்லு. கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றாமல், பல கணக்குகளை அது ஒரே வேளையில் செய்கிறது. அதைக் கேமராவிலேயே பொருத்தினால், ஷட்டர் இறக்கப்படுவதையும் ஒருவர் வீழ்ந்து கிடப்பதையும் நொடிகளில் கண்டறிந்து எச்சரிக்கலாம். குற்றத்தின் வழிமுறை மாறினாலும் சில்லை மாற்ற வேண்டியதில்லை. மீண்டும் நிரல்படுத்தினால் போதும்.

விலை சற்றுக் கூடுதல்தான். தவறான எச்சரிக்கைகளும் எழலாம். ஆகவே இறுதி முடிவு மனிதரிடமே இருக்கட்டும். எனினும் கேமரா வாங்கும்போது, பதிவு எத்தனை நாள் இருக்கும் என்பதோடு, எத்தனை நொடியில் எச்சரிக்கும் என்பதையும் வங்கிகள் கேட்க வேண்டும். வாடிக்கையாளரின் பணத்தைப் போலவே அவரது உயிரும் நம் பொறுப்பன்றோ?