வக்கீலாக வேண்டும், வரலாறு மட்டும் வேண்டாமா?

போன ஜூனில் என் மகனின் பிளஸ் ஒன் சேர்க்கைக்காகப் பள்ளி அலுவலக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு தகப்பனாரும் மகளும். வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல் உள்ள குரூப்பை விண்ணப்பத்தில் டிக் செய்திருந்தாள் அந்தப் பெண். அப்பா பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு பயாலஜி-மேத்ஸை டிக் செய்தார்.

"நான் லா படிக்கப் போறேன்னு சொன்னேனேப்பா."

"லாவுக்கு எந்த குரூப்பும் போதும்மா. ஒரு பாதுகாப்புக்கு இது இருக்கட்டும். ஆர்ட்ஸ் குரூப்னா மார்க் இல்லாத பிள்ளைன்னு நினைப்பாங்க."

அவர் சொன்னதில் முதல் வாக்கியம் உண்மைதான். சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பும் தடையில்லை. அறிவியல் படித்துவிட்டு வந்து நன்றாகத் தொழில் செய்கிறவர்கள் எங்கள் வக்கீல் சங்கத்திலேயே இருக்கிறார்கள். விருப்பமுள்ள பிள்ளை அறிவியலைத் தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் தன் தொழிலுக்கு எது வேண்டும் என்று பதினைந்து வயதிலேயே சரியாகக் கண்டுபிடித்துக் கேட்ட பிள்ளையிடமிருந்து, ஊர் என்ன நினைக்கும் என்று அதைப் பிடுங்குகிறோமே, அது அநியாயம் இல்லையா? இருபது வருஷமாக மாவட்ட நீதிமன்றத்தில் வக்கீலாக இருக்கிறேன் என்கிற உரிமையில்தான் கேட்கிறேன்.

ஒருமுறை என் அலுவலகத்துக்கு ஒரு பழைய செட்டில்மெண்ட் பத்திரம் வந்தது. 1951-இல் ஒரு மாமனார் தன் விதவை மருமகளுக்கு எழுதிவைத்தது. நிலத்தை ஜீவிய காலம் வரை அனுபவித்துக்கொள்ளலாம், விற்க உரிமையில்லை என்று எழுதியிருந்தது. அந்த அம்மாள் கடைசிவரை நிலத்தைத் தன் கைவசமே வைத்திருந்து, மகளுக்கு உயில் எழுதிவிட்டுப் போனார். விற்கவே உரிமையில்லாதவருக்கு உயில் எழுத என்ன பாத்தியம் என்று பங்காளிகள் கேட்டார்கள். நாங்கள் மகள் தரப்பு. பத்திரத்தைப் பார்த்ததும் எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

பி.ஏ. தமிழ் இலக்கியம் படித்துவிட்டு மூன்று வருட சட்டப் படிப்பை முடித்து வந்த பெண் ஒருத்தி அப்போது என்னிடம் ஜூனியராக இருந்தாள். செக்குபந்தியையும் சர்வே எண்ணையும் நான் சரிபார்த்துக்கொண்டிருக்க, அவள் முதல் பத்தியிலேயே நின்றுவிட்டாள். "மேடம், உன் ஜீவனாம்சத்துக்காகன்னு எழுதியிருக்காரே, ஏன்? மற்ற பத்திரங்களிலே எல்லாம் பிரியத்தை முன்னிட்டுன்னுதானே வரும்?" என்று கேட்டாள்.

அந்த ஒரு சொல்லில்தான் வழக்கே இருந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன் 14-ஆம் பிரிவு, ஒரு பெண் கைவசம் வைத்திருக்கும் சொத்தை அவளுக்கே முழு உரிமையாக்குகிறது. வெறும் தானமாகக் கட்டுப்பாட்டோடு கொடுத்த சொத்துக்கு அது பொருந்தாது. ஆனால் அவளுக்கு முன்பே இருந்த ஜீவனாம்ச உரிமைக்காகக் கொடுத்ததென்றால், பத்திரத்தில் எத்தனை கட்டுப்பாடு எழுதியிருந்தாலும் சொத்து முழுக்க அவளுடையதே. துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977-இல் சொன்னது இதைத்தான். அந்தத் தீர்ப்பு எனக்கும் தெரியும். தெரிந்தும் அந்தச் சொல்லைத் தாண்டிப் போய்விட்டேன். ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல் ஏன் வரவில்லை என்று கேட்கும் பழக்கம் அவளுக்குச் சங்கப் பாட்டு வகுப்பில் வந்தது.

வரலாறும் அப்படித்தான். இடஒதுக்கீட்டுக்கு வழிசெய்யும் அரசியலமைப்பின் 15(4) பிரிவை மனப்பாடம் செய்ய ஐந்து நிமிடம் போதும். அது ஏன் வந்தது என்று தெரிய, சமூகவாரியாக இடம் ஒதுக்கி நீதிக்கட்சிக் காலத்தில் தொடங்கிய அரசாணையான கம்யூனல் ஜி.ஓ. தெரிந்திருக்க வேண்டும், அது செல்லாது என்று 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் தீர்ப்பானதும், இங்கே எழுந்த போராட்டமும், அதே வருடம் வந்த முதல் திருத்தமும் தெரிந்திருக்க வேண்டும். இடஒதுக்கீட்டு வழக்கில் வாதாடப் போகிறவருக்கு இது உபரித் தகவலா? அம்பேத்கர் பம்பாயிலும் கொலம்பியாவிலும் பொருளாதாரமும் அரசியலும் சமூகவியலும் படித்த பிறகுதான் லண்டனில் பாரிஸ்டர் ஆனார்.

நுழைவுத் தேர்வையாவது எடுத்துப் பார்த்தீர்களா? தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு 2020 முதல் பத்திகளைப் படித்து விடையளிக்கும் தேர்வாகிவிட்டது. இப்போது 2 மணி நேரத்தில் 120 கேள்வி. பிளஸ் டூ முழுவதும் காலை ஒரு டியூஷன், மாலை ஒரு டியூஷன் என்று ஓடவிட்டு, செய்தித்தாளைக்கூடக் கையில் கொடுக்காமல், கடைசி மூன்று மாதம் கோச்சிங்குக்குப் பணம் கட்டுகிறோம். வாசிப்பு மூன்று மாதத்தில் வராது. அந்தப் பணத்தில் பாதிக்கு வீட்டில் புத்தகம் வாங்கியிருக்கலாம்.

அதைத் தாண்டி ஐந்து வருட பி.ஏ., எல்.எல்.பி.யில் சேர்ந்த பிறகும் நம் வாய் சும்மா இருப்பதில்லை. "சோஷியாலஜி எல்லாம் எதுக்கு? நோட்ஸ் வாங்கிப் பாஸ் பண்ணிடு, சட்டப் பேப்பரைப் பாரு" என்று போனில் சொல்கிறோம். பிள்ளையும் கேட்டுக்கொள்கிறது. பிறகு குடும்ப நீதிமன்றத்தில் எதிரே அழுதுகொண்டு நிற்கும் பெண்ணிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் சட்டப் பிரிவைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. அப்படி நிற்கும் இளம் வக்கீல்களைப் பார்க்கும்போது எனக்கு அவர்கள் மேல் கோபம் வருவதில்லை.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பல இப்போது தமிழிலும் கிடைக்கின்றன. ஒன்றை எடுத்து ஒரு ராத்திரி பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். எந்த இடத்தில் நின்று கேள்வி கேட்கிறாள் என்று பாருங்கள். பள்ளி திறந்த முதல் சில நாட்களுக்குள் கேட்டால் பல பள்ளிகளில் குரூப் மாற்றித் தருவார்கள். அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.