ஊசி இருக்கட்டும், கை எப்படி?

இசைத்தட்டு பிளேயரின் ஊசியைத் தாங்கும் லட்ச ரூபாய் கார்ட்ரிட்ஜ்களை நண்பர்கள் ஒப்பிட்டுப் பேசும்போது நான் குறுக்கே கேட்பது ஒன்றுதான்: உங்கள் டோன்ஆர்ம், அதாவது கார்ட்ரிட்ஜைப் பிடித்திருக்கும் கை, கனமா, லேசா? பலர் விழிப்பார்கள்.

ஜப்பானின் என்.எச்.கே. ஒலிபரப்புக்காக 1960-களில் உருவான டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜ், ஊசியைத் தாங்கும் சஸ்பென்ஷன் விறைப்பாக இருப்பது. ஊசியின் அழுத்தம் 2.5 கிராம். கனத்த கையில் அது கம்பீரம். லேசான கையில் மாட்டினால் இரண்டும் சேர்ந்த ஒத்ததிர்வு, 8 முதல் 12 ஹெர்ட்ஸ் என்ற நல்ல எல்லையைத் தாண்டி மேலேறும், பாஸ் குழம்பும். மென்மையான சஸ்பென்ஷனைக் கனத்த கையில் போட்டால் நேரெதிர்: நெளிந்த தட்டு வந்தாலே கை தள்ளாடும்.

டிஎல்-103-இன் வெளியீடோ 0.3 மில்லிவோல்ட். சாதாரண எம்எம் (நகரும் காந்தம்) உள்ளீட்டில் முனகும். எம்சி (நகரும் சுருள்) வகைக்கான ஃபோனோ பெருக்கி, இல்லையேல் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அந்தச் செலவை எந்தக் கடைக்காரர் முதலில் சொல்கிறார்? கூம்பு ஊசி என்பதால் தட்டின் உள்வளையத்தில் 'ஸ' கொஞ்சம் சீறும். எனக்கு அது பரவாயில்லை; இந்த கார்ட்ரிட்ஜுக்குப் பொருந்தும்படி என் கை கனமானது.