விற்கவுமில்லை, ஓட்டவுமில்லை

அப்பா ஓட்டிய யெஸ்டி பைக்கை விற்க நமக்கு மனம் வரவில்லை. பெட்ரோல் டேங்க்மேல் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போன வண்டியை இரும்புக்கடைத் தராசில் ஏற்றுவதை யாரால் பார்க்க முடியும்? ஆனால், விற்காமல் வைத்திருப்பதே அதைக் காப்பாற்றுவது என்று நம்பிவிட்டோமே, தவறு அங்கேதான்.

நிறுத்திய அன்று டேங்கில் கிடந்த பெட்ரோலை நாம் வடிக்கவில்லை. அது ஆவியாகி, மிஞ்சியது பிசினாக இறுகி கார்புரேட்டர் ஜெட்டை அடைத்தது. டேங்கின் உட்புறம் துருவேறியது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் சீல்கள் சும்மா நின்றாலே காய்ந்து கெட்டியாகும். பிஸ்டன் ரிங் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். யெஸ்டியில் கியருக்கும் கிக்கருக்கும் ஒரே லீவர். இன்று அதை மிதித்தால் அசையவில்லை. அவ்வப்போது பிளக்கைக் கழற்றி நாலு சொட்டு ஆயில் விட்டு, மெல்ல மிதித்து வைத்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது. துடைக்காமல் ஒருநாளும் வெளியே எடுக்காத மனிதரின் வண்டி இது.

யெஸ்டியைத் தயாரித்த மைசூரு ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டபோதே, இனி சாமான் கிடைப்பது கஷ்டம் என்று நமக்குத் தெரியும். சத்தத்தைக் கேட்டே பாயிண்ட் கேப் சரியில்லை என்று சொல்லும் மெக்கானிக் ஊருக்கு ஒருவராவது இருந்தார். “வண்டியைக் கொண்டாங்க தம்பி, பாத்துடலாம்” என்றார். “பொங்கல் கழிச்சுக் கொண்டாறேண்ணே” என்றோம். எத்தனையோ பொங்கல் போனது. பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அவர் கைவேலையைக் கற்றுக்கொள்ள ஒரு பையனைக்கூட நாம் அனுப்பவில்லை. ஆர்.சி.யும் காலாவதியானது.

ஏன் இப்படி? என்றாவது சட்டையைக் கழற்றிப்போட்டு, ஸ்பேனரோடு அந்த வண்டிமுன் உட்காரப்போகிற ஓர் ஆளாக நம்மை நினைத்துக்கொள்கிறோம். நேரமும் பொறுமையும் உள்ள ஆள் அவர். வண்டியைக் கொடுத்துவிட்டால் அந்த ஆளாக நாம் ஆகப்போவதில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வண்டியைவிட அவரை விடத்தான் நமக்கு மனமில்லை.

அதனால்தான் கேட்டு வந்தவர்களையும் திருப்பி அனுப்பினோம். பழைய ஜாவா ஒன்றைத் தானே பிரித்துச் சேர்த்து ஓட்டிவந்த இளைஞனிடம், “அப்பா வண்டிப்பா, குடுக்கிறதில்ல” என்று பெருமையாகச் சொன்னோம். போகும்முன் அவன் குனிந்து டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். “பெட்ரோலையாவது வடிச்சிடுங்கண்ணே” என்றான். அதையும் செய்யவில்லை.