மூக்கைக் கவனித்தால் மூச்சு சீராகும்

மார்கழி பிறந்துவிட்டால், பனி விலகும் முன்பே நீராடித் திருக்கோயிலுக்குச் செல்வது பெரியவர்கள் பலரின் நெடுநாள் வழக்கம். அவர்களுள் சிலருக்கு முதலில் அடுக்கடுக்காகத் தும்மல் வரும். பின்னர் மூக்கு அடைத்துக்கொள்ளும். சில நாள்களில் இரவு நேர இருமலும், நெஞ்சில் விசில் போன்ற ஒலியும் தொடங்கும். பிராகாரத்தை மும்முறை வலம் வந்தவர்கள் ஒரு சுற்றிலேயே இளைத்துப்போய்த் தூணோரம் அமர்ந்துவிடுவார்கள். "வயதாகிவிட்டது" என்று தமக்குத் தாமே காரணமும் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் அது ஆஸ்துமாவாக இருக்கக்கூடும். அறுபது வயதைக் கடந்த பின்னும் இந்நோய் புதிதாகத் தோன்றுவது உண்டு.

மூக்கு முதல் நுரையீரல் வரை காற்று செல்லும் பாதை ஒன்றே. உள்ளே செல்லும் காற்றை வெதுவெதுப்பாக்கி, ஈரப்படுத்தி, தூசியை வடிகட்டி அனுப்புவது மூக்கின் பணி. மூக்கு அடைபட்டால் வாய்வழியே சுவாசிக்க நேர்கிறது. அப்போது குளிர்ந்த, வறண்ட காற்று தூசியுடன் நேராக மூச்சுக்குழாயைச் சென்றடைகிறது. சைனஸ் அறைகளில் அழற்சி இருந்தால், படுத்திருக்கும்போது சளி தொண்டைக்குள் வடிந்து இருமலைத் தூண்டும். மேலும், மூக்கில் எழும் ஒவ்வாமை இரத்தத்தின் வழியாக மூச்சுக்குழாயையும் வீங்கச் செய்கிறது.

ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மூக்கு ஒவ்வாமையும் இருப்பது இதனால்தான். நாள்பட்ட மூக்குத் தொல்லை உள்ளவருக்கு ஆஸ்துமா உள்ளதா என்றும், ஆஸ்துமா உள்ளவருக்கு மூக்கில் நோய் உள்ளதா என்றும் பரிசோதிக்க வேண்டுமென, உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 2001-இல் வெளியான மருத்துவ வழிகாட்டுதல் வலியுறுத்தியது. முதியோருக்கு இதய நோயாலும் இளைப்பு வரக்கூடும். எனவே ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையுடன் இதயப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது.

மூக்கில் சதை வளர்ச்சியும் ஆஸ்துமாவும் சேர்ந்திருப்பவர்களில் சிலருக்கு, ஆஸ்பிரினும் சில வலி மாத்திரைகளும் கடும் மூச்சுத்திணறலை உண்டாக்கும். இதயத்துக்காக ஆஸ்பிரின் உட்கொள்வோர் தாமாக அதை நிறுத்திவிடாமல், இத்தொல்லைகளை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

மருத்துவர் தரும் மூக்கு ஸ்பிரேயின் முழுப் பயன் தெரியச் சில வாரங்கள்கூட ஆகலாம். தலையைச் சற்றுக் குனிந்து, ஸ்பிரேயின் முனையை நடுத்தண்டின் பக்கம் திருப்பாமல் வெளிப்புறமாகச் சாய்த்து அடிக்க வேண்டும். உடனடியாக அடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்துகளை நாள்கணக்கில் தொடர்ந்தால் அடைப்பு முன்னிலும் மிகும். யோகியர் கைக்கொண்ட ஜலநேதி முறையில் மூக்கைக் கழுவுவதும் பயன் தரும். ஆனால் அதற்குக் கொதிக்க வைத்து ஆறிய நீரில் உப்புக் கலந்தே பயன்படுத்த வேண்டும். குழாய் நீரோ குளத்து நீரோ கூடாது.

இளைப்பு உள்ளவர்கள் பூஜையறையில் சாம்பிராணியும் ஊதுவத்தியும் ஏற்றும்போது சன்னலைத் திறந்து வைப்பது நலம். நெய் விளக்கும் மலரும் மட்டுமேகூடப் போதும். பனிக்காலத்தில் வெளியே செல்கையில் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளலாம்.

ஏகாதசி, சஷ்டி விரத நாள்களில் இன்ஹேலரைத் தவிர்ப்போர் உண்டு. மருந்து விரதத்தைக் கெடுக்காது என்பதே சாஸ்திரம் காட்டும் வழி. அன்றாடம் எடுக்கும் மருந்தை ஒரு நாளும் விடலாகாது. தடுப்பு இன்ஹேலரை இழுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். உடனடி நிவாரணம் தரும் இன்ஹேலர், கோயிலுக்குச் செல்லும்போதும் இடுப்புப் பையில் இருக்கட்டும்.

அதைப் பயன்படுத்திய பின்னும் இளைப்பு தணியாவிட்டாலோ, ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ சற்றும் தாமதியாமல் மருத்துவமனை செல்ல வேண்டும்.

தும்மலையும் மூக்கடைப்பையும் சிறு தொல்லை என்று ஒதுக்காமல் உரிய காலத்தில் கவனித்தால், வரும் மார்கழியிலும் மூச்சிரைக்காமல் பிராகாரம் வலம் வந்து, இறைவன் திருநாமத்தை வாயாரச் சொல்லி வணங்கலாம்.