ஃப்ளாஷ் வாங்கும் முன் தொலைவை அளந்துகொள்ளுங்கள்

ஆழ்வார்பேட்டையில் குடியிருந்துகொண்டு காட்டுயிர்ப் படம் எடுப்பவர் கொடுத்துவைத்தவர். கிண்டியின் வெளிமான், அடையாறு முகத்துவாரத்துக் கொக்கு, பள்ளிக்கரணையின் நீர்ப்பறவை எல்லாமே ஒரு காலைப் பொழுதில் போய்த் திரும்பும் தூரம்தான். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) வாழ்ந்ததும் பக்கத்தில்தான்: அன்றைய எட்வர்ட் எலியட்ஸ் சாலை, இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கேமராவில், கருப்பு வெள்ளையில் யானைகளைப் படமெடுத்தவர் அவர். தேவை முதலில், கருவி பிறகு என்பது அவர் வழி. ஃப்ளாஷ் வாங்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையை மாற்றிவிடுகிறார்கள். கடையில் இருப்பதிலேயே சக்தி மிக்கது எது என்று கேட்டு வாங்கிவந்து, பறவை இருட்டாகவே விழுகிறதே என்று வருந்துகிறார்கள்.

வெளிச்சம் பரவும் விதம் அப்படி. தொலைவு இருமடங்கானால் ஒளி கால் பங்காகிவிடும். இதைக் கணக்கிட உதவுவதுதான் பெட்டியில் அச்சிட்டிருக்கும் ‘கைடு நம்பர்’. அதை அப்பெர்ச்சர் எண்ணால் வகுத்தால், முழுச் சக்தியில் ஃப்ளாஷ் எட்டும் தூரம் கிடைக்கும். கைடு நம்பர் 60, லென்ஸ் எஃப் 5.6 என்றால், ஐஎஸ்ஓ 100-இல் சுமார் 10.7 மீட்டர். ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் 21 மீட்டர். ஒன்றைக் கவனியுங்கள்: இந்த 60 பெரும்பாலும் ஃப்ளாஷின் தலையை 200 மி.மீ. ஜூமுக்கு வைத்து அளந்தது. 35 மி.மீ.க்கு அகலப்படுத்தினால் வெகுவாக இறங்கிவிடும். சில பெட்டிகளில் எண் அடிக்கணக்கில் இருக்கும். 197 என்று போட்டிருந்தால் அதுவும் இதே 60 மீட்டர்தான்.

அடுத்த சிக்கல் நம் ஊர் வெயில். நண்பகலில் எஃப் 5.6, ஐஎஸ்ஓ 100 வைத்தால் ஷட்டர் வேகம் 1/800 நொடியை ஒட்டிப் போகும். சாதாரண ஃப்ளாஷ் 1/200 அல்லது 1/250 வரைதான் ஷட்டரோடு ஒத்துழைக்கும். அதைத் தாண்ட ‘ஹை-ஸ்பீடு சிங்க்’ வேண்டும். அப்போது ஃப்ளாஷ் ஒரே வீச்சாக வெட்டாமல் விட்டு விட்டுத் துடிக்கும். எட்டும் தூரம் பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ சுருங்கும். ஆனால் வெயிலில் ஃப்ளாஷுக்கு வேலை சிறியது. இறகின் கீழ் விழும் நிழலைத் தணித்து, கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் வைத்தால் போதும். அதற்கு ஃப்ளாஷ் அளவை −2 ஆகக் குறைப்பார்கள். கால் பங்கு ஒளி போதும் என்பதால், இழந்த தூரம் ஏறக்குறையத் திரும்பக் கிடைக்கும்.

இன்னும் தொலைவு வேண்டுவோர் 300 மி.மீ.க்கு மேற்பட்ட லென்ஸோடு, ஃப்ளாஷின் முன்னால் ஃப்ரெனல் வில்லை மாட்டுகிறார்கள். ஒளி குவிந்து தூரம் இருமடங்கு வரை நீளும். ஆனால் அதே வில்லை வெயிலையும் குவிக்கும். சூரியனைப் பார்த்தபடி வைத்தால் ஃப்ளாஷின் தலை உருகிவிடும்.

தொலைவை வெல்ல வேறு வழியும் உண்டு: ஃப்ளாஷை விலங்கின் அருகே கொண்டுபோவது. 1920-களில் வட இந்தியக் காடுகளில் வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், புலி நடக்கும் தடத்தில் கம்பி கட்டி, அதன் கால் பட்டதும் ஃப்ளாஷ் வெட்டும்படி அமைத்தார். அந்தப் படங்கள் 1927-இல் நூலாக வந்தன. நம் வீட்டுத் தோட்டத்துச் சிலந்திக்கும் தவளைக்கும் இதே நியாயம்தான். மேக்ரோ லென்ஸுக்கு முன்னால் அரை மீட்டரில் இருக்கும் உயிருக்குச் சிறிய ஃப்ளாஷே தாராளம். அங்கே காசைப் போட வேண்டியது ஒளியை மென்மையாக்கும் டிஃப்யூசரில்.

ஆகவே கடையில் கேட்க வேண்டியவை இவை. லென்ஸ் வழியே வரும் ஒளியை அளந்து ஃப்ளாஷின் அளவை முடிவு செய்யும் டிடிஎல் முறையில் உங்கள் கேமராவோடு பேசுமா? ஹை-ஸ்பீடு சிங்க் உண்டா? ஒயர் வழியாகவோ ஒயர்லெஸ்ஸாகவோ கேமராவை விட்டுத் தள்ளி வைக்க முடியுமா? லென்ஸுக்கு மிக அருகிலிருந்து ஒளி போனால், இரவு விலங்குகளின் கண் அதைத் திருப்பியனுப்பி நெருப்புத் துண்டாக மின்னும். ஒருமுறை வெட்டியபின் எத்தனை நொடியில் மறுபடி தயாராகும்? வீட்டுக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். கடற்காற்று உலோக முனைகளை அரிக்கும்.

எங்கே அணைத்து வைப்பது என்பதையும் வாங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். ஜனவரி முதல் சில மாதங்கள் பெசன்ட் நகர், நீலாங்கரைக் கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறிவருகின்றன. 1988 முதல் மாணவத் தன்னார்வலர்கள் இரவு நடை நடந்து அவற்றைக் காத்துவருகிறார்கள். வெளிச்சம் பட்டால் தாய் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடலாம். குஞ்சுகள் கடலை விட்டு ஊர் விளக்கை நோக்கி நகரும். ஆந்தைக்கும், கூட்டில் குஞ்சோடு இருக்கும் பறவைக்கும் ஃப்ளாஷ் வேண்டாம். காப்பகங்களுக்குள் போனால் வனத்துறையின் விதியைக் கேட்டு நடப்பதே முறை.

நம் நகரத்துக்குக் கைடு நம்பர் 60 அளவிலான ஃப்ளாஷ் ஒன்றும் நல்ல டிஃப்யூசர் ஒன்றும் போதும். அதற்குமேல் செலவழிக்கும் முன், நீங்கள் இதுவரை எடுத்த படங்களில் விலங்கு எத்தனை மீட்டர் தொலைவில் நின்றது என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள்.