தாத்தா கீழே வைத்த பறை

எங்கள் தாத்தா இறந்து ஓராண்டு ஆகிறது. அவருடைய இறுதி ஊர்வலத்தில் பறை ஒலிக்கவில்லை. பறை கற்ற பேரப்பிள்ளைகள் நான்கு பேர் இருந்தும் நாங்கள் அடிக்கவில்லை. "மேடைக்கு மேடை பறையை விடுதலை இசை என்று பேசுகிறீர்கள், சொந்த வீட்டுச் சாவில் அடிக்க வெட்கமா?" என்று தோழர்கள் சிலர் கேட்டார்கள். உரிமையோடு கேட்ட கேள்வி அது. பதில் சொல்ல எங்களுக்கு ஓராண்டு பிடித்திருக்கிறது.

தாத்தா சிறுவயதிலேயே பறை கட்டியவர். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் இரவோ பகலோ போய் நிற்க வேண்டும். அவர் காய்ச்சலில் கிடந்த ஒரு நாளிலும் ஆள் வந்து எழுப்பிக்கொண்டு போனதை அப்பத்தா சொல்வார். கூலி என்பது கொஞ்சம் நெல், மிச்சச் சோறு, குடிக்கக் கொஞ்சம் சாராயம். வரமாட்டேன் என்று சொல்ல உரிமையில்லாத வேலையை எப்படிக் கலை என்பது?

இருபது வயது தாண்டி ஞானஸ்நானம் பெற்ற பிறகு ஒருநாள் அவர் பறையைக் கீழே வைத்தார். "இனி கேதத்துக்கு வரமாட்டேன்" என்று ஊர்ப் பெரியவர்களிடம் நேரில் போய்ச் சொன்னார். அந்த ஆண்டு முழுக்க அவருக்கு யாரும் வயல் வேலை தரவில்லை. அப்பத்தா விறகு சுமந்து ஐந்து உயிரைக் காப்பாற்றினார். தாத்தாவின் விடுதலைக்கு யார் முதுகு வலித்தது என்பதையும் நாங்கள் மறக்கவில்லை.

இசையை மட்டும் அவரால் விட முடியவில்லை. கோயிலில் ஆர்மோனியம் கற்றார். இரவு ஜெபம் முடிந்ததும் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடுவார். பாடும்போது அவருடைய விரல்கள் ஆர்மோனியப் பலகையில் தட்டுகிற தாளம் பறையின் தாளம் என்பது, கல்லூரியில் பறை கற்ற பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

ஊர் கொடுத்த தண்டனை ஓராண்டில் முடிந்தது. அரசு கொடுத்தது இன்னும் முடியவில்லை. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு கட்டிவைத்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் வெளியிலேயே நிற்கிறார்கள். அந்தப் பத்தியை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதமாகவே கிடக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் தலித் கிறித்தவருக்குக் கை கொடுக்காது. ஊருக்கு நாம் அதே சாதி, சட்டத்துக்கு மட்டும் வேறு.

பள்ளியில் அப்பாவை இந்து என்று எழுதிவிடச் சொல்லிப் பலரும் யோசனை சொன்னார்கள். "சாமிகிட்ட ஒரு பேரு, சர்க்கார்கிட்ட ஒரு பேரா?" என்று தாத்தா மறுத்துவிட்டார். அப்பா பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போட்டியிட்டு, வேலை கிடைக்காமல் கொத்து வேலைக்குப் போனார். இதற்காகத் தாத்தாவோடு நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம். பிள்ளைகளின் வாழ்வை வைத்தா விசுவாசத்தைக் காட்டுவது என்று கேட்டிருக்கிறோம். இரண்டு பெயரோடு வாழ்கிற குடும்பங்களை இன்றும் நாங்கள் குறை சொல்ல மாட்டோம். ஒரு மனிதனை இப்படித் தேர்வு செய்யவைக்கிற சட்டத்தின் மீதுதான் கோபம் திரும்ப வேண்டும்.

முதன்முதலாகப் பறையோடு வீட்டுக்குப் போன அன்று, தாத்தா வெகுநேரம் பேசவில்லை. பிறகு வைக்கோலைக் கொளுத்தச் சொன்னார். தோலைக் காய்ச்சி, காதருகே வைத்துச் சுண்டிப் பார்த்தார். எங்கள் அடியில் இருந்த பிழையைத் திருத்தினார். கடைசியில் சொன்னார்: "நல்லா அடிக்கிறீங்கப்பா. சாவுக்கு மட்டும் அடிக்காதீங்க, என் சாவுக்கும்தான். கோயில்ல அடிங்க."

கோயிலில் அது லேசாக நடக்கவில்லை. "சாவு மோளம் ஆலயத்துக்குள்ளா?" என்றார்கள். கர்நாடக ராகத்தில் கீர்த்தனை பாடுகிறோம், ஐரோப்பிய மெட்டில் பாமாலை பாடுகிறோம். தீட்டு பறைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு பறையையும் நாட்டுப்புற மெட்டுகளையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவரைச் சொல்லித்தான் வாதாடினோம். தாத்தாவை அடக்கம் செய்த பிறகு வந்த ஈஸ்டர் விடியலில், ஆலய வாசலில் நின்று அடித்தோம். வாசல் வரைதான் இடம் கிடைத்தது. உள்ளே போகிற வேலை மிச்சமிருக்கிறது.

தோழர்களே, பறையைக் கையில் எடுத்த நம் தலைமுறையைக் கொண்டாடுகிறோம். கீழே வைத்த தலைமுறையை வெட்கப்பட்டவர்கள் என்று பேசிவிடுகிறோம். அது தவறு. மாட்டேன் என்று அவர்கள் சொன்னதால்தான் பறை கட்டாய வேலையாக இல்லாமல் நம் விருப்பமாக நம்மிடம் வந்திருக்கிறது. மறுத்ததும் போராட்டம், மீட்டதும் போராட்டம். வரிசையில் மறுப்புதான் முன்னால் நிற்கிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள்: எதை, எப்போது, என்ன விலை கொடுத்துக் கீழே வைத்தீர்கள்? சொல்வதை எழுதிவையுங்கள். எங்கள் தாத்தாவிடம் இதை இன்னும் கொஞ்சம் முன்பே கேட்டிருக்கலாம்.

ஜெய் பீம்.